புகை மண்டிய இருட்டறைக்கு எந்த கேமரா? பேய் வீடு, லேசர் டேக் அரங்குகளுக்கான மதிப்பீடு

மால்களின் மேல்தளத்தில் இருக்கும் பேய் வீடு, லேசர் டேக் அரங்கு (ஒளித் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் இடம்), சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி போன்ற இடங்களில் தகரமும் துணியும் கொண்டு எழுப்பும் திகில் குகை, டிஜே ஹால். இந்த நான்குக்கும் கண்காணிப்பு கேமரா வாங்கும்போது ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. "நல்ல நைட் விஷன் உள்ள கேமரா வேண்டும்" என்று கடையில் கேட்கிறார்கள். 30 மீட்டர் ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) என்று பெட்டியில் அச்சிட்ட, அரைக்கோள மூடி போட்ட டோம் கேமராவைக் கடைக்காரர் எடுத்து வைக்கிறார். மாட்டி, விளக்கை அணைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கிறது. ஸ்மோக் மெஷினை ஓடவிட்ட சற்று நேரத்தில் திரை முழுக்க வெள்ளை. உள்ளே போன எட்டுப் பேரும் நடந்துகொண்டிருக்கிறார்களா, ஒருவர் கால் இடறி விழுந்து கிடக்கிறாரா, எதுவும் தெரியாது.

இருட்டு ஒரு பிரச்சினை, புகை வேறொரு பிரச்சினை. இருட்டுக்கு மருந்து என்று விற்கப்படும் ஐஆர் விளக்கே புகையில் நோயாகிவிடுகிறது. அதனால் இந்த மதிப்பீட்டில் கேமராவின் பெயரைவிட விளக்கின் இடத்துக்கு அதிக வரிகள் போகும். பணத்தையும் அதே விகிதத்தில் பிரிப்பது நல்லது.

வெள்ளைத் திரை ஏன் வருகிறது?

ஸ்மோக் மெஷினில் ஊற்றுவது கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீர். சூடான குழாயில் ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் குளிர்ந்து, மைக்ரான் அளவிலான துளிகளாக மிதக்கிறது. வழக்கமான ஐஆர் விளக்கின் அலைநீளம் 850 நானோமீட்டர், அதாவது 0.85 மைக்ரான். துளியும் அலையும் ஏறக்குறைய ஒரே வரிசை அளவில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதைப் போலவே ஐஆரையும் புகை சிதறடிக்கிறது. "ஐஆர் புகையைத் துளைத்துக்கொண்டு போகும்" என்று கடையில் சொல்வது இந்த அலைநீளத்துக்குப் பொருந்தாது.

கொடைக்கானல் மலைப்பாதையில் மூடுபனி இறங்கும்போது ஹை பீம் போட்டால் வண்டிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். பம்பருக்குக் கீழே உள்ள பனி விளக்கைப் போட்டால் சாலை தெரியும். லென்ஸைச் சுற்றி ஐஆர் எல்இடி பதித்த கேமரா, நிரந்தரமாக ஹை பீம் போட்ட வண்டி. கணக்கு இதுதான்: விளக்கின் ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். லென்ஸிலிருந்து 30 சென்டிமீட்டரில் மிதக்கும் துளியின் மேல், 4 மீட்டரில் நிற்கும் ஆளின் மேல் விழுவதைவிடச் சுமார் 178 மடங்கு ஒளி விழுகிறது. கேமராவின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு அந்தத் துளிகளைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்கிறது. ஆள் மறைந்துபோகிறார்.

இன்னொரு இழப்பும் உண்டு. 3 மீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகும் அளவுக்குப் புகை அடர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலேயே உள்ள விளக்கு 6 மீட்டர் போய் 6 மீட்டர் திரும்ப வேண்டும். புகையால் மட்டும் 16-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே விளக்கு ஆளுக்கு அருகிலேயே இருந்தால், ஒளி ஒருவழிதான் புகையைக் கடக்கிறது. 4-இல் ஒரு பங்கு மிஞ்சும். எந்த விலையுயர்ந்த சென்சாரும் இந்த நான்கு மடங்கை இவ்வளவு மலிவாகத் தராது.

ஆகவே முதல் தீர்ப்பு: உள்ளறைகளில் கேமராவின் சொந்த ஐஆரை அணைத்துவிடுங்கள். தனி ஐஆர் விளக்குகளை கேமராவிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர், முடிந்தால் 3 மீட்டர் தள்ளி, ஆட்கள் நடக்கும் பாதையின் பக்கவாட்டில் மாட்டுங்கள். விளக்கின் கற்றையும் கேமராவின் பார்வையும் லென்ஸுக்கு அருகில் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஆள் நிற்கும் இடத்தில்தான் அவை சந்திக்க வேண்டும். விளக்கு கேமராவை நேராகப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் புகை முழுக்க ஒளிர்ந்து, வேறொரு வகையில் அதே வெள்ளைத் திரை வந்து நிற்கும்.

850-ஆ, 940-ஆ?

850 நானோமீட்டர் விளக்கை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். பேய் வீட்டில் அந்தப் புள்ளி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கேமரா எங்கே இருக்கிறது என்று முதல் நொடியிலேயே காட்டிக்கொடுக்கும். அங்கே 940 வேண்டும், அது கண்ணுக்குத் தெரியாது. விலை வேறுவிதமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்: கேமரா சென்சார்களின் உணர்திறன் 940-இல் 850-ஐவிடப் பாதியளவு அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே 850-க்கு ஒரு விளக்கு போதுமான அறையில் 940-க்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் விளக்குகளுக்குத் தனி எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி) வைத்து, மொத்த ஆம்பியர் தேவைக்கு மேல் 30 சதவீதம் கூடுதலாகத் திறன் விடுங்கள். கேமராவின் அடாப்டரிலிருந்தே விளக்குக்கும் கிளை எடுத்தால் வோல்டேஜ் இறங்கி கேமரா அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். இது மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு; பழியை எல்லோரும் கேமராவின் மேல் போடுவார்கள்.

லேசர் டேக் அரங்கில் கணக்கு தலைகீழ். துப்பாக்கியிலிருந்து உடுப்புக்குப் போகும் "சுடும்" சமிக்ஞை, கண்ணுக்குத் தெரியும் லேசர் அல்ல. 38 அல்லது 56 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஐஆர். அதைப் பெறும் ரிசீவர்கள் பெரும்பாலும் 940–950 நானோமீட்டருக்கு இசைவாகச் செய்யப்பட்டவை. 940 விளக்கைப் பக்கத்தில் மாட்டினால், வெயிலில் டிவி ரிமோட் திணறுவதைப் போல அவற்றின் எட்டும் தூரம் குறையும். அங்கே 850 போடுங்கள். நியான் வண்ணங்களுக்கு நடுவே சிவப்புப் புள்ளியை யாரும் கவனிக்கப்போவதில்லை. அதன் பிறகும் விளக்கின் கீழே ஒருவரை உடுப்போடு நிற்க வைத்து, அரங்கின் மறுகோடியிலிருந்து சுட்டுப் பார்த்து, விளக்கை அணைத்து மீண்டும் சுட்டுப் பார்த்த பிறகே திருகை முடுக்க வேண்டும்.

கருப்புச் சுவர், கருப்புத் திரை என்று கவலைப்பட வேண்டியதில்லை. பாலியெஸ்டர் கருப்புத் துணிகள் பல ஐஆரை நன்றாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குக் கரியாக இருப்பது கேமராவில் வெளிர்சாம்பல். பின்னணி வெளிறினால் ஆளின் நிழலுருவம் எடுப்பாகத் தெரியும். நல்லதுதான்.

கேமரா வகைகள், ஒவ்வொன்றாக

சாதாரண ஐஆர் டோம்: உள்ளறைக்கு வேண்டாம். வெள்ளைத் திரைக்கு மேல் இன்னொரு குறையும் உண்டு. ஸ்மோக் திரவத்தின் எண்ணெய்ப் படலம் டோம் மூடியின் மேல் படியும். அந்தப் படலத்தில் ஐஆர் பட்டு மூடிக்குள்ளேயே திரும்பி லென்ஸில் விழும். புகை இல்லாத காலை நேரத்திலும் படம் பால் ஊற்றியதுபோல் தெரிந்தால் காரணம் இதுதான்.

டரட் வகை, அதாவது கண்விழி போல உருண்டு திரும்பும், மூடியில்லாத கேமரா: உள்ளறைக்கு எங்கள் முதல் தேர்வு. லென்ஸுக்கு முன்னால் சிறிய தட்டைக் கண்ணாடி மட்டும் இருப்பதால் துடைப்பது எளிது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஐஆர் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, கேமராவைக் கருப்பு-வெள்ளை நைட் மோடிலேயே நிறுத்த முடியுமா?" மலிவான சில மாடல்களில் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும், விளக்கை அணைத்தால் கலர் மோடுக்குத் தாவிவிடும். அவை இந்த வேலைக்கு உதவாது. கடையிலேயே மெனுவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

24 மணி நேரமும் கலர் தரும் எஃப் 1.0 கேமராக்கள்: ஹிக்விஷனின் கலர்வியூ இந்த வகையில் பிரபலம், மற்ற நிறுவனங்களிலும் இதே போன்றவை உண்டு. எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்கிறது, எண் சிறியதானால் திறப்பு பெரிது. எஃப் 1.0 லென்ஸ், எஃப் 1.6 லென்ஸைவிட 2.56 மடங்கு ஒளியை உள்ளே விடும். டிக்கெட் கவுண்டர், வரிசை நிற்கும் இடம், வெளியேறும் வாசல், இந்த மூன்றுக்கும் அருமையான தேர்வு. உள்ளறைக்கு இரண்டு காரணங்களால் ஆகாது. வெளிச்சம் போதாதபோது இவை வெள்ளை விளக்கைப் போட்டுவிடும். பேய் பதுங்கியிருக்கும் மூலையில் மஞ்சள் கலந்த வெள்ளொளி விழுந்தால் காட்சி முடிந்தது. இரண்டாவது, தெரியாமல் பலர் மாட்டிக்கொள்வது: கலர் மட்டுமே தரும் மாடல்கள் சிலவற்றில் ஐஆரைத் தடுக்கும் வடிகட்டி நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும், விலகாது. நீங்கள் செலவழித்து மாட்டிய தனி ஐஆர் விளக்கு அந்த கேமராவின் கண்ணுக்கே படாது. வடிகட்டி விலகும், ஐஆரும் வெள்ளையும் சேர்ந்த இரட்டை விளக்கு மாடல் என்றால் பயன்படுத்தலாம். ஆனால் "ஆள் வந்தால் வெள்ளை விளக்கு எரியும்" என்ற ஸ்மார்ட் அமைப்பை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பித்த பின் அந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைஃபை வீட்டு கேமரா: 2கே, 3கே என்று எண் பெரிதாக இருக்கும். ஷட்டரைக் கையால் அமைக்க வழி இருக்காது. தகரத் தடுப்புகளுக்கிடையே வைஃபை விட்டுவிட்டு வரும். வேண்டாம்.

தெர்மல்: இது தனி உலகம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

தெர்மல் கேமராவுக்கு விளக்கே வேண்டாம். 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் உடல் வெளியிடும் வெப்பத்தைப் பார்க்கிறது. இந்த அலைகள் ஸ்மோக் மெஷினின் சிறு துளிகளைவிடப் பெரியவை. அதனால் கண்ணுக்கு ஒரு கை தூரம் தெரியாத கிளைக்கால் புகையிலும் ஆட்கள் ஒளிரும் உருவங்களாக நடப்பது தெரியும். 256×192 பிக்சல் போதும். 4 மீட்டர் அறையில் நிற்பவர், குனிபவர், படுத்தவர் மூவரையும் பிரித்தறியலாம். அசையும் பேய் பொம்மைகளைக் கண்டு ஏமாறாது. சூடேறும் மோட்டார், எரிந்துபோகக் காத்திருக்கும் மின் இணைப்பு ஆகியவையும் பளிச்சென்று தெரியும். துணியும் தெர்மோகோலும் நிறைந்த அரங்கில் இது சாதாரண நன்மை அல்ல.

குறைகளும் உண்டு. முகம் தெரியாது. கண்ணாடி, அக்ரிலிக் வழியாகப் பார்க்காது. கண்ணாடிப் புதிர் அறையில் பயனில்லை. உலர்பனிக்கட்டிப் புகையும் அல்ட்ராசானிக் நீர்ப்புகையும் பெரிய நீர்த்துளிகள் கொண்டவை, குளிர்ந்தவை. தெர்மலில் அவை கரிய மேகமாகத் தெரிந்து, பின்னால் இருப்பதை ஓரளவு மறைக்கும். நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று: 24 டிகிரியில் ஏசி ஓடும் மாலில் உடலுக்கும் சுவருக்கும் நல்ல வெப்ப வித்தியாசம் இருக்கும். மே மாதப் பிற்பகலில் தகரக் கொட்டகையின் சுவர் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் அது தோலின் வெப்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆள் பின்னணியோடு கரைந்துபோவார். பொருட்காட்சிக் கொட்டகைக்குத் தெர்மல் வாங்குபவர் பகல் இரண்டு மணிக்குச் சோதித்துப் பார்த்துத்தான் பணம் தர வேண்டும்.

விலையில் ஒரு தெர்மலுக்குப் பல சாதாரண கேமராக்கள் வாங்கலாம். எல்லா அறைக்கும் வேண்டாம். புகை மிக அடர்ந்த ஒரே அறை, படியோ சரிவோ உள்ள இடம், தரையோடு புகை தேங்கும் இடம், இவற்றில் எது மிக ஆபத்தானதோ அங்கே ஒன்று.

பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

மெகாபிக்சல் கூடினால் இருட்டில் நல்லது என்பது தவறு. 1/2.8 அங்குலச் சென்சாரில் 8 மெகாபிக்சலை அடைத்தால் ஒரு பிக்சலின் பக்கம் 1.45 மைக்ரான். அதே சென்சாரில் 2 மெகாபிக்சல் என்றால் 2.9 மைக்ரான், பரப்பு நான்கு மடங்கு. 1/1.8 அங்குலத்தில் 4 மெகாபிக்சல் வாங்கினாலும் அதே 2.9 மைக்ரான் கிடைக்கும், தெளிவும் கூடும். உள்ளறைக்கு இதுதான் சரியான சமநிலை. 1/1.8 அங்குலம் விலைக்கு எட்டவில்லையா, 1/2.8 அங்குலத்தில் 2 மெகாபிக்சல் எடுங்கள். அதே விலையில் 8 மெகாபிக்சல் கிடைக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு. "0.0005 லக்ஸ்" வெளிச்சமே போதும் என்று அச்சிட்டிருப்பதை ஷட்டர் வேகம் தெரியாமல் நம்பக் கூடாது. விநாடியில் 3-இல் ஒரு பங்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் எந்த கேமராவும் இருட்டில் பளிச்சென்று காட்டும், அசையாத நாற்காலியை. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அந்த நேரத்துக்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார்; படத்தில் இழுத்துத் தேய்த்த கறை மட்டும் இருக்கும். 1/25 விநாடியில் அவர் நகர்வது 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. பயந்து ஓடுபவர்களுக்கு 1/50 நல்லது. கடையில் டெமோ காட்டும்போது லென்ஸுக்கு முன்னால் கையை வேகமாக வீசச் சொல்லுங்கள்.

லென்ஸுக்கு வருவோம். 90 பாகை பார்வையுள்ள லென்ஸ் 4 மீட்டர் தள்ளி 8 மீட்டர் அகலத்தைக் காட்டும். 4 மெகாபிக்சல் கேமராவின் குறுக்கே 2560 பிக்சல் என்றால் மீட்டருக்கு 320 கிடைக்கிறது. கண்காணிப்பு கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, அறியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250, தெரிந்தவரை அறிய 125, நடமாட்டத்தைக் கவனிக்க 62 பிக்சல் என்று சொல்கிறது. காகிதத்தில் நம் கேமரா தேறிவிட்டது. ஆனால் புகையில் குறைவது பிக்சல் அல்ல, கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம். அதனால் புகைக்குள் முகம் தேடுவதையே விட்டுவிடுங்கள். முகத்தை வாசலில் பிடியுங்கள்: உள்ளே நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று, இரண்டும் வெளிச்சத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, 2 முதல் 2.2 மீட்டர் உயரத்தில். கூரையில் மாட்டினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். உள்ளே இருக்கும் கேமராக்களிடம் கேட்க வேண்டியது மூன்றே: எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள், யாராவது விழுந்திருக்கிறார்களா.

1.2 மீட்டர் அகல நடைபாதைகளில் கேமராவை 90 பாகை திருப்பி மாட்டி, மெனுவில் காரிடார் மோடைப் போடுங்கள். படம் நெட்டுக்குத்தாக வரும். இல்லாவிட்டால் பாதிப் பிக்சல் சுவரைப் படம் பிடிப்பதில் வீணாகும்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்கு எஸ்டிக்யூசி (மத்திய அரசின் சோதனை அமைப்பு) நடத்தும் இணையப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால், பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்கி, சான்றிதழைக் கேளுங்கள்.

மெனுவில் செய்ய வேண்டியவை

டே/நைட் அமைப்பை "ஆட்டோ"வில் விடாதீர்கள். ஸ்ட்ரோப் விளக்கு மின்னும்போதெல்லாம் பகல் வந்துவிட்டது என்று நினைத்து ஐஆர் வடிகட்டி டக் டக் என்று உள்ளே வெளியே போகும். அது இயந்திரப் பாகம், சீக்கிரமே சிக்கிக்கொள்ளும். சிக்கினால் படம் ஊதாவாகவோ முழு இருட்டாகவோ நின்றுவிடும். "நைட்" என்று பூட்டிவிடுங்கள்.

ஷட்டரை 1/25 அல்லது 1/50-இல் நிலையாக வையுங்கள். ஃப்ளிக்கர் அமைப்பு 50 ஹெர்ட்ஸ். 60-இல் இருந்தால் எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டைகள் ஓடும். கெயினுக்கு (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) உச்சவரம்பு 100-க்கு 60–70. முப்பரிமாண இரைச்சல் குறைப்பை 30–40-க்குள் நிறுத்துங்கள். கூட்டினால் புகையும் ஆளும் ஒன்றாகக் குழைந்து, நடப்பவரின் பின்னால் ஆவி வால் போல நிழல் தொடரும். பேய் வீட்டுக்கு அது பொருத்தம்தான், பதிவுக்குப் பொருந்தாது. டபிள்யூடிஆர் (வெளிச்சமும் இருளும் கலந்த காட்சியைச் சமன் செய்யும் வசதி) உள்ளறைகளில் வேண்டாம். வாசல் கேமராவில் மட்டும், பின்னால் வெளிச்சம் இருப்பதால், போடுங்கள்.

"டீஃபாக்" என்ற வசதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் அது மென்பொருள் வேலை: மங்கிய படத்தின் கருப்பு-வெள்ளை வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. ஹேஸரின் மெல்லிய புகையில் ஓரளவு உதவும், குறைந்த அளவில் போட்டுக்கொள்ளலாம். அடர்புகையில் லென்ஸுக்கு வந்து சேராத ஒளியை அதனால் உண்டாக்க முடியாது, இரைச்சலைத்தான் பெருக்கும்.

புகை எப்போதும் அசைந்துகொண்டிருப்பதால் மோஷன் பதிவு இங்கே அர்த்தமற்றது. காலையிலிருந்து இரவு வரை எல்லாமே அசைவு. ஏஐ ஆள் கண்டறிதலும் வேடமிட்ட நடிகரையும் பொம்மையையும் சேர்த்து எண்ணும், புகைக்குள் இருக்கும் உண்மையான ஆளை விட்டுவிடும். இயங்கும் நேரம் முழுவதும் தொடர் பதிவு வையுங்கள். பிட்ரேட் (விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) நிலையாக 4 எம்பிபிஎஸ். மாறும் பிட்ரேட்டில் விட்டால் புகை எழும் ஒவ்வொரு முறையும் அளவு எகிறி, 30 நாள் நிற்க வேண்டிய பதிவு பாதியிலேயே அழியத் தொடங்கும். 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 1.8 ஜிபி. 10 கேமரா, 12 மணி நேரம், 30 நாள்: 6.48 டிபி. 8 டிபி கண்காணிப்பு வகை ஹார்டு டிஸ்க் ஒன்று போதும். வீடியோவைச் சுருக்க ஹெச்.265 முறை சரி, அதற்கு மேல் "ஸ்மார்ட்" அல்லது பிளஸ் குறியிட்ட சுருக்கத்தை அணைத்துவிடுங்கள். அது புகையை முக்கியமற்ற பின்னணி என்று கருதி, அதற்குள் இருக்கும் உருவத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

லேசர், கருநீல விளக்கு

டிஜே ஹாலின் லேசர் கற்றை நேராக லென்ஸில் விழுந்தால் சென்சார் எரியும். திரையில் நிலையாக ஒரு கோடோ வெள்ளைப் புள்ளிகளோ நிற்கும்; சரி செய்ய முடியாது. இப்படிப்பட்ட சேதத்தை வாரண்டியில் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். லேசரின் கற்றை எந்தெந்தப் பக்கம் ஓடுகிறது என்று நிகழ்ச்சியை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்து, அது தொடாத பக்கத்தில், லேசர் கருவிக்குப் பின்புறமாக கேமராவை மாட்டுங்கள். கருநீல விளக்கு (புற ஊதா ஒளி தரும் பிளாக் லைட்) அறைகளில் கலர் கேமராவின் வெள்ளைச் சமநிலை தடுமாறிப் படம் முழுக்க ஊதா படரும். ஒன்று கையால் நிலைப்படுத்த வேண்டும், அல்லது நைட் மோடில் ஐஆரோடு பார்க்க வேண்டும். பின்னது எளிது.

ஆறு அறைப் பேய் வீட்டுக்கு ஒரு திட்டம்

ஏறக்குறைய 1500 சதுர அடி, ஆறு அறை, நடுவே வளைந்த நடைபாதை என்று எடுத்துக்கொள்வோம். வாசலிலும் வெளிவாசலிலும் எஃப் 1.0 கலர் டரட் இரண்டு. உள்ளே 4 மெகாபிக்சல், 1/1.8 அங்குல டரட் ஏழு: அறைக்கு ஒன்று, வளைவில் ஒன்று. மிக அடர்ந்த புகை அறைக்குக் கூடுதலாகத் தெர்மல் ஒன்று. 940 விளக்குகள் பதினான்கு. 16 சேனல் என்விஆர் (பதிவுக் கருவி), கேட்-6 நெட்வொர்க் கேபிள், அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச். கேபிள் ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. நெட்வொர்க் கேபிளை ஸ்மோக் மெஷினின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அதன் ஹீட்டர் ஒவ்வொரு முறை போடும்போதும் படம் விட்டுப்போக வாய்ப்புண்டு.

தூரத்திலிருந்து ஒரு பெரிய கேமரா என்ற ஆசை வேண்டாம். புகையில் தெளிவு தூரத்தோடு படிப்படியாகப் பாதி பாதியாகச் சரிகிறது. 8 மீட்டரைப் பார்க்கும் ஒன்றைவிட 3–4 மீட்டரைப் பார்க்கும் இரண்டு எப்போதும் மேல். ஸ்மோக் மெஷினின் வாயிலிருந்து 3 மீட்டருக்குள் எந்த கேமராவும் இருக்கக் கூடாது. சூடான புகை மேலே எழுந்து கூரையடியில் முதலில் தேங்கும். அந்த அறைகளில் கேமராவைக் கூரையிலிருந்து அரை மீட்டர் கீழே இறக்கிச் சுவரில் மாட்டுங்கள். தரையோடு படரும் லோ ஃபாக் என்றால் கூரையே சரி.

லோ ஃபாக் பற்றி ஓர் எச்சரிக்கை. உலர்பனிக்கட்டியிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதில் விழுந்தவர் கண்ணுக்கும் தெரியமாட்டார், மூச்சுக்கும் திணறுவார். அந்த அறைக்குக் காற்றோட்டமும், நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவும், கண்ட்ரோல் அறையில் அதை விடாமல் பார்க்கும் ஆளும் வேண்டும்.

தீயைக் கண்டுபிடிக்க இந்த கேமராக்களை நம்ப முடியாது. திரையில் மேடைப்புகையும் தீப்புகையும் ஒன்று போலவே இருக்கும். 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டையில் பற்றிய தீயில் 8 பதின்ம வயதினர் இறந்தார்கள். 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் உள்ளரங்க விளையாட்டு மையம் எரிந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மேடைப்புகையால் அலாரம் அடிக்கிறது என்று புகை உணரியைப் பிடுங்கி வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. வெப்ப உணரி உள்ளிட்ட மாற்றுகளைத் தீயணைப்புத் துறையிடம் கேட்டுப் போடுங்கள். கேமரா அமைப்பு செய்யக்கூடிய உதவி வேறு: நெருக்கடியில் எந்த அறையில் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்வது. அதற்கு என்விஆர், ஸ்விட்ச், ஐஆர் விளக்குகள் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். விளக்கை மட்டும் விட்டுவிட்டால், மின்சாரம் போன நொடியில் கேமராக்கள் இயங்கிக்கொண்டே குருடாகிவிடும்.

துடைப்பு

ஸ்மோக் திரவத்தின் படலம் பிசுபிசுப்பானது, தூசியைப் பிடித்துவைக்கும். தினமும் ஓடும் அரங்கில் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்: தட்டைக் கண்ணாடி என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. பிளாஸ்டிக் மூடி என்றால் ஆல்கஹால் வேண்டாம், நுண்ணிய வெடிப்புகள் விழக்கூடும்; வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஐஆர் விளக்கின் முகத்தையும் துடையுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

பணம் தருவதற்கு முன்

நிறுவுபவரிடம் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்யுங்கள். அரங்கை வழக்கமான நாளைப் போலவே ஓட்டுங்கள்: ஸ்மோக் மெஷின் 10 நிமிடம், ஸ்ட்ரோப், ஒலி, ஏசி, எல்லாம். கருப்புச் சட்டைக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், இருவரும் கேமராவிலிருந்து 2, 4, 6 மீட்டரில் நிற்கட்டும், நடக்கட்டும், ஓடட்டும். பிறகு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஓர் அறையின் மூலையில் படுத்துக்கொள்ளட்டும். கண்ட்ரோல் அறையில் இருப்பவர், நேரலைத் திரையை மட்டும் பார்த்து, அவர் எந்த அறையில் எங்கே கிடக்கிறார் என்று 10 விநாடிக்குள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத அறையில் கேமராவை மாற்றாதீர்கள். முதலில் விளக்கை நகர்த்திப் பாருங்கள். மூன்று இடங்களில் நகர்த்திய பிறகும் தெரியவில்லை என்றால், தெர்மல் வாங்கும் பணம் அந்த அறைக்கு.